ஷார்ஜாவிலிருந்து மைலேஜ் பார்த்தவர்

நம் டாக்ஸி ஸ்டாண்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். ஒரு டாக்டர் வீட்டில் பிளக் போடும் ஹைபிரிட் கார் வாங்கியிருக்கிறார்களாம், ஓட்டக் கூப்பிட்டிருக்கிறார்களாம், அதில் மைலேஜ் அள்ளுவது எப்படி என்று கேட்டார். தென்காசி வட்டாரத்தில் அந்த மாதிரி வண்டியை முதலில் ஓட்டியவன் நான்தான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். முதலில் ஓட்டியவன் நானா என்பது எனக்குத் தெரியாது. அதில் முதலில் அவமானப்பட்டவன் நான்தான், அதில் சந்தேகம் வேண்டாம். அவரிடம் வாயால் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

மைலேஜ் வித்தையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். தினமும் சார்ஜ் போடுங்கள். வண்டி பிளக்கில் இருக்கும்போதே ஏசியைப் போட்டுக் குளிரவைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஊருக்குள் பேட்டரியில் ஓட்டுங்கள், நீண்ட ரோட்டில் பெட்ரோலில் ஓட்டுங்கள். டயரில் காற்றைச் சரியாக வையுங்கள். சிக்னலைத் தூரத்தில் பார்த்ததும் காலை எடுத்துவிடுங்கள். முடிந்தது. இதற்குமேல் இதில் வித்தை எதுவும் இல்லை. இதையே யூடியூப்பில் ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் மிச்ச நேரத்தில் தங்கள் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வண்டி சொன்னபடி கேட்கும். அந்த மைலேஜ் நம்பரைப் பார்த்துக்கொண்டே இருக்கிற மனுஷர்கள்தான் கேட்கமாட்டார்கள். நான் சொல்லப்போவது அவர்களைப் பற்றி. என்னைப் பற்றியும்தான்.

அச்சன்புதூரில் சாகுல் முதலாளி வீட்டுக்கு ஆறு வருஷம் வீட்டு டிரைவராக இருந்தேன். அவர் ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் மேனேஜர், பதினெட்டு வருஷமாக அங்கேதான். இங்கே அவரைப் பெற்ற உம்மாவும், மனைவி மும்தாஜும் மட்டும். கடைசி மூன்று வருஷம்தான் இந்த வண்டி. கொச்சியில் யாரோ ஓட்டிவிட்டு விற்றதை வாங்கினார். பாதி கரண்ட், பாதி பெட்ரோல். செல்போன் மாதிரி வீட்டில் சார்ஜ் போட்டால் ஐம்பது கிலோமீட்டர் வரை பெட்ரோலைத் தொடாமல் ஓடும். அதற்கப்புறம் இன்ஜின் தூக்கம் கலைந்து எழுந்து வேலைக்கு வரும்.

முதலாளி ஷார்ஜாவில், வண்டி அச்சன்புதூரில், இரண்டுக்கும் நடுவில் செல்போனில் ஒரு ஆப். வண்டி எங்கே நிற்கிறது, பேட்டரி எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு, எல்லாம் அதில் அவருக்குத் தெரியும். நான் ஒரு கதவைத் திறந்தால் அங்கே அவருக்கு மணி அடிக்கும். தென்காசி ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்கினால், இறங்கி முடிப்பதற்குள் போன் வரும்.

“அண்ணாச்சி, இப்ப ஏன் இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சு?”

மேம்பாலம் முதலாளி, ஏற்றம் என்பேன். ஏற்றம் வருவது தெரிந்தால் முன்கூட்டியே சீராக வந்து, மெதுவாகக் காலை வைத்து ஏற வேண்டாமா என்பார். நாற்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவனுக்கு, ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியாத ஒருவர் கடலுக்கு அப்பாலிருந்து மேம்பாலம் ஏறச் சொல்லித்தந்தார். நானும் சரி முதலாளி, சரி முதலாளி என்று கற்றுக்கொண்டேன்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அவருடைய சேக்காளிகள் நாலு பேர், நாலு பேரும் வளைகுடாவில், நாலு பேர் வீட்டிலும் இதே மாதிரி வண்டி. வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் அவரவர் வண்டியின் அன்றைய மைலேஜைப் படம் பிடித்து அதில் போட வேண்டும். குறைவாகப் போட்டவரை மற்ற நாலு பேரும் கிழிப்பார்கள். மறுநாள் அவர் தன் டிரைவரைக் கிழிப்பார். அவ்வளவு படித்தவர்களுக்கு அவ்வளவு தூரத்தில் வேறு பொழுதுபோக்கு கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கூத்தைக் கேளுங்கள். திருநெல்வேலிக்குப் போய்வந்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும், பேட்டரி பத்தாது, பெட்ரோல் ஓடும், சராசரி படுத்துவிடும். அதனால் உம்மாவைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக டாக்ஸி பிடிக்கச் சொன்னார். வண்டி ஷெட்டில் குளிர்ச்சியாக நிற்கும். உம்மாவும் மும்தாஜும் டாக்ஸியில் பின்னால். அந்த வீட்டு டிரைவரான நான் டாக்ஸி டிரைவருக்குப் பக்கத்தில் முன்சீட்டில், துணைக்கு. டாக்ஸிக்காரர் நம் ஸ்டாண்ட்காரர்தான். ஆலங்குளம் வரை சிரித்துக்கொண்டே வந்தார். நம்ம வண்டி என்ன கொலுவுக்கு வச்சதா என்று உம்மா கேட்டார்கள். அன்று சாயங்காலம் குழுவில் எங்கள் வண்டிதான் முதலிடம், ஏனென்றால் அன்றைக்கு அது பால் வாங்க மட்டும் போய்வந்தது.

முதலாளியைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் நியாயமில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் டீசல் மிச்சம் பிடிப்பதில் பெரிய கை. ஆரியங்காவு இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியையும் அணைத்துவிட்டு, வண்டியை உருட்டியே தென்மலைக்குக் கொண்டுபோய்விடுவார். இருபது வண்டி ஓட்டுநர்களுக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். அத்தனை பேரும் பிரேக்கைக் கருக்கியிருக்கிறோம், நாலைந்து பேர் பள்ளத்தையும் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் அவரை நாங்கள் யாரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் அந்த வித்தையில் எங்களுக்கு அவ்வளவு பெருமை.

புது வண்டியிலும் அதையே செய்தேன். கேரள எல்லையில் மலையுச்சிக் கோட்டைவாசல் தாண்டியதும் நியூட்ரலில் போட்டுவிட்டு, பெட்ரோல் சொட்டுக்கூடச் செலவில்லை பார்த்தீர்களா என்று சொல்லாத குறையாக உட்கார்ந்திருந்தேன். தென்மலையில் இறங்கியபோது பிரேக் நாற்றம் அடித்தது. பேட்டரியில் ஒரு புள்ளி ஏறவில்லை. பின்சீட்டில் மும்தாஜ் ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. வண்டியோடு வந்த புத்தகம். நானும் படித்ததில்லை, முதலாளியும் படித்ததில்லை.

“அண்ணாச்சி, நியூட்ரல் போடக் கூடாதாம். கியர்ல விட்டு இறங்குனா வண்டியே வேகத்தப் பிடிச்சு பேட்டரில ஏத்திக்கிடுமாம். இங்கன போட்டிருக்கு.”

திரும்பி வரும்போது கோட்டைவாசலில் இருந்து புளியரைக்குக் கியரிலேயே இறக்கிப் பார்த்தேன். பிரேக்கை அநேகமாகத் தொடவே இல்லை, பேட்டரி ஏறிக்கொண்டே வந்தது. நாற்பது வருஷ வித்தை புத்தகத்தில் அரைப்பக்கத்துக்குத் தாங்கவில்லை. வெட்கமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வண்டி மாறும்போது கையையும் மாற்றத் தெரியாதவன், அனுபவசாலி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

அந்த வண்டியால் முழுப் பலன் கிடைத்தது குற்றாலம் சீசனில்தான். சாரல் விழும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெயினருவியில் இருந்து ஐந்தருவி வரை வண்டிகள் அட்டையாக ஊர்ந்தன. எல்லோரும் இன்ஜினை ஓடவிட்டுப் புகையைக் குடித்துக்கொண்டிருக்க, எங்கள் வண்டி ஒரு சத்தமில்லாமல் பேட்டரியில் நகர்ந்தது. உம்மா மங்குஸ்தான் பேரம் பேச நாலு தடவை கதவைத் திறந்தார்கள். நாலு தடவையும் ஷார்ஜாவில் மணி அடித்தது, நாலு தடவையும் போன் வந்தது. நான் எடுக்கவில்லை. அந்த ஒரு நாள் மட்டும் எடுக்கவில்லை.

இனிமேல் சொல்லப்போவதை நம் ஸ்டாண்டில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்காக முதலாளி லீவில் வந்தார். உம்மா எழுந்து நடக்கும்வரை போகமாட்டேன் என்று லீவை நீட்டினார், நீட்டிக்கொண்டே போனார். அந்த ஒரு விஷயத்தில் அவர் தங்கமான மனுஷர். ஆனால் ஆறு மாதத்துக்குமேல் ஊரில் தங்கினால் அங்கே விசா செத்துவிடும். கடைசி நாள் வரை தள்ளிவிட்டு, திருவனந்தபுரத்தில் சாயங்கால விமானத்துக்கு டிக்கெட் போட்டிருந்தார். அன்று காலையில் மும்தாஜ் ஷெட்டுக்கு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னது.

“அண்ணாச்சி, இன்னிக்கு ஏறலைன்னா விசா போயிரும். பதினெட்டு வருஷ வேல. அவங்களுக்கு அந்த நம்பரப் பாத்தா வேற ஒண்ணும் தெரியாது. நீங்கதான் பாத்துக்கிடணும்.”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அந்த ஆறு மாதமும் அவர் முன்சீட்டில்தான். ஷார்ஜாவிலிருந்து பார்த்தது போய், பக்கத்திலிருந்தே என் காலைப் பார்த்துக்கொண்டு வருவார். கிளம்பும் நாளுக்குக் குழுவில் ஒரு பந்தயம் வேறு: ஐந்து லிட்டர் பெட்ரோலில் ஏர்போர்ட். டேங்க்கில் ஐந்து லிட்டர்தான் இருந்தது, மிச்சம் பேட்டரி பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. முந்தின நாள் சொந்தக்காரர்களிடம் விடைபெறச் சுற்றியதில் பேட்டரி காலி. ராத்திரியே போட்டுவிடலாம் என்றேன். கிளம்பும் நேரத்தில் சார்ஜ் முடிவதுபோல் வைத்தால்தான் பேட்டரிக்கு நல்லது என்று எங்கேயோ பார்த்திருக்கிறார். காலை எட்டரைக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்கு முடிகிற மாதிரி ஆப்பில் நேரம் வைத்துவிட்டுத் தூங்கினார். காலை ஒன்பது மணிக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தினார்கள். பேப்பரில் போட்டிருந்தது. முதல் நாளே மும்தாஜ் படித்துக் காட்டியிருந்தது.

அரை மணி நேரச் சார்ஜோடு கிளம்பினோம். திரையில் எழுபது கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியது. ஏர்போர்ட்டுக்கு நூற்றுப்பத்துக்கு மேல் ஆகும். இறக்கத்தில் ஏறிக்கொள்ளும், அப்படியும் பத்தாவிட்டால் வழியில் கேரளாவுக்குள் பாலோட்டில் பெட்ரோல் போட்டுக்கொள்வோம், தோற்றாலும் பரவாயில்லை என்றார் முதலாளி. கேட்பதற்குச் சரியான பேச்சுதான்.

செங்கோட்டை தாண்டி ஒரு வைக்கோல் லாரியை முந்தக் காலை அழுத்தினேன். இன்ஜின் எழுந்துவிட்டது. முதலாளி அப்போது குழுவில் வீடியோ காலில் இருந்தார். போனை என் கால் பக்கம் திருப்பி, பாருங்க மச்சான், வண்டி புதுசு, கால் மட்டும் அம்பாசிடர் கால் என்றார். நாலு நாட்டிலிருந்தும் சிரித்தார்கள். வண்டிக்குக் கொடுத்த காசில் கொஞ்சம் நல்ல டிரைவருக்கும் கொடுத்திருக்கலாமே மாப்ள என்று ஒரு குரல் சொன்னது. முதலாளியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். எனக்குக் காது சுட்டது. மூன்று வருஷம் சரி முதலாளி சொன்னவன்தான் நான், ஆனாலும் அன்றைக்கு உள்ளே ஏதோ திரும்பிவிட்டது.

புளியரையில் வண்டியை ஓரம்கட்டி டீ குடிக்க இறங்கினேன். முதலாளி வண்டியிலேயே இருந்தார். அங்கே எனக்குத் தெரிந்த லாரி டிரைவர் ஒருவர், கேரளாவில் இருந்து காலி வண்டியோடு திரும்பியவர், என்னைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஏலே, அங்கன ஹர்த்தாலு. ஒரு பங்க்கும் தொறக்கல. கயித்தக் கட்டி வச்சிருக்காம்லே. இங்கனயே ரொப்பிக்கிட்டுப் போ.”

எதிரிலேயே பங்க் இருந்தது. எங்கள் வண்டிக்கும் அதற்கும் நடுவில் ரோடு மட்டும்தான். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கேரளாவில் ஹர்த்தாலாம் முதலாளி என்றேன். முதலாளிக்குச் சந்தோஷம். அப்படியானால் ரோடு காலியாக இருக்கும், பிரேக்கே போட வேண்டாம், மைலேஜ் அள்ளிவிடலாம் என்றார். ஏர்போர்ட் வண்டியை மறிக்கமாட்டார்கள் என்றேன், கண்ணாடியில் ஒட்ட ஒரு காகிதத்தில் ஏர்போர்ட் என்று அவரே எழுதினார். அவர் வாழ்ந்த ஊரில் ஹர்த்தாலும் கிடையாது, பந்த்தும் கிடையாது. கடை பூட்டுவார்கள் என்று தெரியும், பங்க் பூட்டுவார்கள் என்று தெரியாது.

எனக்குத் தெரியும். அங்கே பங்க்கும் திறந்திருக்காது முதலாளி என்று சொல்ல ஒரு வினாடி போதும். நான் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் இருக்கவில்லை. பாலோட்டில் கயிற்றைப் பார்த்து இந்த ஆள் முழிக்கிற முழியை அந்த நாலு பேரும் வீடியோவில் பார்க்கட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அலைய வைத்துவிட்டு எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம், நான் பார்க்காத சிக்கலா என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்புதான் மோசமானது, தம்பிகளா. கெட்ட எண்ணத்தைவிட, எல்லாம் என் கையில் இருக்கிறது என்ற எண்ணம்தான் நம் தொழிலில் ஆளைக் கவிழ்க்கும்.

ரோடு காலியாகத்தான் இருந்தது. தென்மலை இறக்கத்தில் கியரில் விட்டேன், பேட்டரி ஏறியது, முதலாளி தட்டிக்கொடுத்தார். என் ஆயுளில் அவ்வளவு அழகாக நான் வண்டி ஓட்டியதில்லை. குளத்துப்புழை, மடத்தறை எல்லாம் ஏறி இறங்கும் ரோடு. ஏறியதெல்லாம் அங்கே கரைந்தது. பாலோடு ஜங்ஷனில் பங்க்குக்குக் குறுக்கே சிவப்புத் துணி கட்டிய கயிறு. பத்துப் பேர் கொடியோடு உட்கார்ந்திருந்தார்கள். அதைத் தாண்டி அரைக் கிலோமீட்டரில் வண்டி நின்றது. இன்ஜினும் இல்லை, பேட்டரியும் இல்லை.

முதலாளி போனை அணைத்தார். என்னைப் பார்த்தார். அவர் முழித்த முழியைப் பார்க்க நான் ஆசைப்பட்டேன் அல்லவா, பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் தனியாக விடப்பட்ட பிள்ளையின் முகம்.

“அண்ணாச்சி, ஹர்த்தால்னா பங்க்கும் பூட்டுவாங்களா? உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியலியே முதலாளி.”

இந்தத் தொழிலில் நான் பொய் சொல்லாதவன் இல்லை. டயர் பஞ்சர் என்று சொல்லியிருக்கிறேன், டிராஃபிக் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு பொய் மாதிரி எதுவும் என் வாயில் கசந்ததில்லை.

அதற்கப்புறம் ஓடாத ஓட்டம் ஓடினேன். ஒரு தையல்கடைக்காரர் கடையைத் திறந்து பிளக் கொடுத்தார். அரை மணி சார்ஜுக்கு ஐந்து கிலோமீட்டர் வரும், போக வேண்டியது நாற்பதுக்கு மேல். பைக்கில் இருந்து பெட்ரோல் எடுத்துக் கொடுக்க ஒரு பையனிடம் கெஞ்சினேன், அவன் பைக்கிலேயே ஒரு லிட்டர்தான் இருந்தது. அது பைக்குக்குப் போதும், நான் கூட்டிப்போகிறேன் என்றான். பெட்டியை விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கோட்டு போட்ட முதலாளி பின்னால் ஏறினார். நெடுமங்காட்டில் ஊர்வலம். பைக்கை ஒரு மணி நேரம் விடவில்லை. நான் தையல்கடை வாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் போன் வந்தது. கவுண்டரை மூடிவிட்டார்கள் அண்ணாச்சி என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காத்திருந்த நேரத்தில் வண்டியின் திரையைப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் அவ்வளவு தூரம் ஓடி அவ்வளவு நல்ல சராசரி அந்த வண்டி காட்டியதே இல்லை.

விசா போனது. கம்பெனிக்கு எழுதிப் பார்த்தார், தெரிந்தவர்களைப் பிடித்துப் பார்த்தார். அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். குழுவிலிருந்து அவரே விலகினார். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இனி நான் வீட்டில்தானே இருக்கிறேன் அண்ணாச்சி, நானே ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றார். ஒரு மாதம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே பிடித்துக்கொண்டார். நான் ஓய்வு பெற்றது இப்படித்தான். ஸ்டாண்டில் எனக்கு மாலை போட்டபோது, முழங்கால் வலி என்று நான் சொன்னதை நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள்.

அந்தத் தம்பி என்னிடம் மைலேஜ் கேட்டார். மேலே ஒரு மூச்சில் சொல்லியிருக்கிறேன், அது போதும். நான் கேட்டுக்கொள்வது வேறு. முதலாளி உங்களைக் கிண்டல் செய்வார், அவர் சேக்காளிகளும் செய்வார்கள். கோபம் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு முகத்துக்கு நேரே சண்டை போடுங்கள், சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வாருங்கள். ஆனால் ரோட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் வாய்க்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

போன மாதம் ஆய்க்குடி கோயில் பக்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அந்த வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. முதலாளி ஸ்டீயரிங்கில் இருந்தபடியே கையைத் தூக்கினார். பக்கத்து சீட்டிலிருந்து மும்தாஜ் கண்ணாடியை இறக்கி, முழங்கால் வலியாமே, இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தது. உம்மா இப்போது நடக்கிறார்கள் என்று சொன்னது. பிறகு குரலைத் தாழ்த்தியது.

“அன்னிக்கு வேற ஆளு ஓட்டியிருந்தா பாதி வழிகூடப் போயிருக்க முடியாது அண்ணாச்சி. நீங்க இருந்ததுனாலதான் பாலோடு வரைக்குமாவது போனாங்க. நான் எல்லார்ட்டயும் சொல்லுதேன்.”

நான் ஆமாம்மா என்றேன்.